பதினேழு வருடப் புகைச்சல்

அத்தியாயம் 5

மேதைக்கு ஒரு முடி கூடக் கொட்டவில்லை.

லென்ஸ் பட்டறையின் வாசலில் ஸ்கூட்டர் நின்றதும் ஜன்னல் வழியாக மோப்பத்தின் கண்ணில் பட்ட முதல் தடயம் அதுதான். தொப்பையும் இல்லை. பதினேழு வருடத்தில் ஒரு மனிதனுக்கு நியாயமாக வந்து சேர வேண்டிய எதுவுமே அவனுக்கு வந்து சேரவில்லை. புதிதாக மூக்குக் கண்ணாடி மட்டும் போட்டிருந்தான், அதுவும் எடுப்பாகவே இருந்தது. அவளுக்கு வயிறு எரிந்தது.

"அண்ணி, ஏதோ கருகுற வாசனை வருது," என்றான் வண்டியை ஓட்டி வந்த கொழுந்தன்.

"எஞ்சின் சூடாயிருக்கும்."

"இது பேட்டரி வண்டி அண்ணி."

மோப்பம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

மோப்பம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. ஓடமாட்டேன் என்று அடம்பிடிக்கும் புரோகிராம் எதுவானாலும், எங்கே கெட்டிருக்கிறது என்று முகர்ந்தே சொல்லிவிடுவாள் என்று தொழிலில் இருப்பவர்கள் வைத்த பெயர். கொழுந்தன் அவள் புருஷனின் தம்பி. முப்பத்தெட்டு வயதுக்குள் ஏழு வேலை பார்த்து, ஏழையும் வாயாலேயே கெடுத்துக்கொண்டவன். எட்டாவதாக அண்ணியிடம் உதவியாளனாக ஒட்டிக்கொண்டான். கம்ப்யூட்டரில் அவனுக்குத் தெரிந்தது ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்பது மட்டும். ஆனால் கேட்கக் கூசும் முட்டாள்தனமான கேள்வியைச் சரியான நேரத்தில் கூசாமல் கேட்டுவிடுவான். அதற்காகவே அவனை வைத்திருந்தாள்.

காலை ஒன்பது மணிக்குப் பட்டறை மேஸ்திரி போன் செய்திருந்தார்.

"தங்கச்சி, இருபத்தாறு வருஷமா இங்க கண்ணாடி அரைக்கிறேன். இன்னிக்கு ஒரு மணிக்கு என்னை வீட்டுக்கு அனுப்பப் போறாங்க. நான் கம்ப்யூட்டரைக் கெடுத்துட்டேனாம். மவுஸை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே எனக்குத் தெரியாது. முதலாளியம்மாகிட்ட கெஞ்சி உன்னைக் கூப்பிட அனுமதி வாங்கியிருக்கேன். ஒரு எட்டு வந்து பாரு."

மேஸ்திரிக்காகத்தான் வந்தேன் என்று கொழுந்தனிடம் சொல்லியிருந்தாள். அது பாதி உண்மை. பழி சொன்ன ஆள் யார் என்று கேட்டு, முன்பு அங்கே அவளோடு வேலை பார்த்த மேதை என்று மேஸ்திரி சொன்ன அடுத்த நிமிடம் அவள் செருப்பை மாட்டிவிட்டாள். மீதிப் பாதி அதுதான்.

முதலாளியம்மாவின் அறையில் எதுவும் மாறவில்லை. மேஜை அதே மேஜை. சுவரில் அதே கேடயம். கண்ணாடி அரைக்கும் மிஷினை ஓட்டுகிற புரோகிராமுக்காகக் கண்காட்சியில் கொடுத்தது. புரோகிராமை எழுதியது அவளும் மேதையுமாக இரண்டு பேர். கேடயத்தில் செதுக்கியிருந்தது ஒரே பெயர், மேதையுடையது. அந்தப் பெயருக்குக் கீழே இன்னொரு பெயருக்குத் தாராளமாக இடம் இருந்தது. அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டே மூன்று மாதம் வேலை பார்த்துவிட்டு, கல்யாணத்தைச் சாக்குச் சொல்லி அவள் நின்றுவிட்டாள்.

மேஜைமேல் ஒரு கடிதம். காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் ஓரம் உடைந்த லென்ஸ் ஒன்றை வைத்திருந்தார்கள். லென்ஸுக்கு அடியில் இருந்த ஒரு வார்த்தை மட்டும் பூதாகரமாகத் தெரிந்தது. நீக்கம்.

"வாங்க மேடம்," என்றான் மேதை.

பதினேழு வருடத்துக்கு முன்னால் 'வா, போ' என்று பேசியவன். இப்போது மேடமாம். மரியாதை கொடுத்தே ஒருவரைத் தூர நிறுத்தும் வித்தை அவனுக்குக் கைவந்த கலை என்று நினைத்துக்கொண்டாள்.

முதலாளியம்மா நேராக விஷயத்துக்கு வந்தார்.

"பழைய கம்ப்யூட்டருக்கு வயசாயிடுச்சு. புதுசு வாங்கினேன், இதுவும் பழசு மாதிரி லினக்ஸ் போட்டதுதான். சார்தான் பழைய புரோகிராமை இதுக்குக் கொண்டுவந்தார். திங்கக்கிழமை என் கண்ணு முன்னாடி ஓட்டிக் காட்டினார், அருமையா அரைச்சுது. ஆனா இந்தத் தடவை வந்த கண்ணாடிச் சில்லு கொஞ்சம் கெட்டி. சக்கரத்தோட வேகத்துக்கு இருக்கிற எண்ணை மாத்தணும். ஒரே ஒரு எண். மாத்தினா எல்லாத்தையும் சேர்த்துப் புரோகிராமா மறுபடி கட்டணுமாம், நேத்து கட்டிப் பார்த்தா முடியல. சனிக்கிழமை கண் ஆஸ்பத்திரிக்கு முந்நூறு ஜோடி போகணும்."

"மேஸ்திரி எங்க வந்தார் இதுல?" என்றாள் மோப்பம்.

"புரோகிராமைக் கட்டுறதுக்கான கட்டளை எல்லாம் ஒரு ஃபைல்ல இருக்கு," என்றான் மேதை. "புதுக் கம்ப்யூட்டருக்காக அதுல நான் ஒரு வார்த்தை சேர்த்திருந்தேன். யாரோ எடுத்திருக்காங்க. நேத்து மத்தியானம் இந்த ரூம்ல தனியா இருந்தது அவர் மட்டும். புதுக் கம்ப்யூட்டர் வந்ததுல இருந்தே அவருக்கு ஆகல. பொறாமை, வேற என்ன?"

பொறாமை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் மோப்பம் தன்னைத்தான் சொல்கிறானோ என்று ஒரு நொடி திடுக்கிட்டாள்.

"திரையைக் காட்டுங்க."

மேதை கீபோர்டில் தட்டினான். திரையில் ஒரே ஒரு வரி வந்து நின்றது. அதன் சாரம் இதுதான்: நீ கொடுத்த துண்டு ஐ-386 ரகம், நான் செய்யப்போவது எக்ஸ்86-64 ரகம், இரண்டும் ஒத்துப்போகாது.

"மனுஷங்களுக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க அண்ணி," என்றான் கொழுந்தன்.

"இது அசெம்பிளி. மிஷினோட காதுல நேரடியா ஓதுற பாஷை. எழுதினதைத் துண்டு துண்டா வெட்டி வச்சிருக்கு. துண்டுகளை ஒண்ணா சேர்த்துத் தைக்கிற தையல்காரனுக்கு லிங்க்கர்னு பேர். துண்டெல்லாம் பழைய அளவு, முப்பத்திரண்டு பிட். கம்ப்யூட்டர் புதுசு. இதுல இருக்கிற தையல்காரன்கிட்ட ஒண்ணும் சொல்லாம விட்டா அறுபத்து நாலு பிட் அளவுலதான் தைப்பான். பழைய அளவுல தைன்னு ஒரு வார்த்தை சொல்லணும்."

"ஒரு வார்த்தைக்கா ஒருத்தரோட வேலை போகுது? அந்த வார்த்தையைத் திருப்பி எழுதிட்டா முடிஞ்சுதே?"

"எழுதலாம். அஞ்சு நிமிஷ வேலை," என்றான் மேதை. "நாளைக்கு மறுபடி கை வைக்க மாட்டார்னு என்ன நிச்சயம்? முதல்ல அவரை அனுப்புங்க, அடுத்த நிமிஷம் எழுதுறேன்."

முதலாளியம்மா தலையாட்டினார். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிற மாதிரிதான் மோப்பத்துக்கும் பட்டது. அதுவே அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவளுக்குள் ஒரு கணக்கு ஓடியது. இவனேதான் அந்த வார்த்தையை எடுத்திருக்க வேண்டும். மேஸ்திரியை விரட்டிவிட்டுப் பட்டறை முழுவதையும் கைக்குள் போட்டுக்கொள்ளப் பார்க்கிறான். அப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஆதாரம் கிடைப்பதற்கு முன்பே அவளுக்கு வாய் இனித்தது. இந்தத் தொழிலில் அதைவிடக் கெட்ட சகுனம் கிடையாது என்பதும் அவளுக்குத் தெரியும்.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஃபைல்களின் பட்டியலைத் தேதியோடு வரவழைத்தாள். கொழுந்தன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

"அண்ணி, இதுல ஒண்ணு ஜனவரி ஒண்ணாம் தேதின்னு போட்டிருக்கு. அன்னிக்கு லீவு ஆச்சே, யாரு இவ்வளவு பொறுப்பா வேலை செஞ்சது?"

"சும்மா இரு." அவள் கண் கட்டளை ஃபைலின் வரியில் நிலைகுத்தி நின்றுவிட்டது. அதன் தேதி பதினேழு வருடம் பழசு. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். குரலை உயர்த்தக் கூடாது என்று நினைத்தாள், உயர்ந்துவிட்டது.

"ஒரு ஃபைலைத் தொட்டா அதோட தேதி மாறும். இதைப் பாருங்கம்மா. பதினேழு வருஷமா இதை யாருமே தொடல. மேஸ்திரியும் தொடல, இவரும் தொடல. நேத்து யாரோ எடுத்துட்டாங்கன்னு சொல்ற வார்த்தை இதுல இருந்ததே இல்ல!"

கொழுந்தன் கைதட்டலாமா என்று யோசித்து, கையைப் பாதி வழியில் நிறுத்தினான்.

மேதை சிரித்தான். பழைய சிரிப்பு, கேடயம் வாங்கிய அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு.

"பழைய ஃபைலோட நகல் ஒரு பென் டிரைவ்ல அந்த டிராயர்லயே இருக்கு மேடம். என் ஃபைலை அழிச்சிட்டு அதை எடுத்துப் போட்டா, பழைய தேதியோடதானே வந்து உட்காரும்? உங்களுக்கா இது தோணல?"

தோன்றியிருக்க வேண்டும். வேறு எந்த வழக்காக இருந்தாலும் முதலில் தோன்றியிருக்கும்.

"டிராயர் சாவி யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டார் முதலாளியம்மா.

"மேஸ்திரிகிட்ட," என்றான் மேதை மெதுவாக.

முதலாளியம்மா பேனாவின் மூடியைத் திறந்தார். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு பத்து. காப்பாற்ற வந்தவளே மேஸ்திரியின் தலையில் இன்னொரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டாள். அவளுக்குக் காது மடல் வரை சுட்டது.

"ஒரு மணி வரைக்கும் டைம் இருக்கும்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

பின்கட்டில் குழாயடியில் மேஸ்திரி கை கழுவிக்கொண்டிருந்தார். விரல் இடுக்குகளில் கண்ணாடி அரைத்த வெள்ளைச் சேறு. ஐம்பத்தைந்து வயதில் அந்தச் சேற்றைத் தேய்த்துத் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்த விதத்தைப் பார்த்தால், இனிமேல் அது படியப்போவதில்லை என்று முடிவு கட்டிவிட்டவர் மாதிரி இருந்தது.

"அண்ணே, மன்னிச்சுக்குங்க. நான் அவசரப்பட்டுட்டேன்."

"விடு தங்கச்சி. அவர் சொன்னதுல பாதி நிஜம்தான். எனக்கு அந்தப் புதுப் பெட்டியைப் பிடிக்கல. எல்லாரும் அதையே தொட்டுத் தொட்டுப் பார்த்தாங்க. பழசை ஒரு ஆள் சீண்டல. எனக்குத் தாங்கல. நான்தான் தினமும் காலையில போய் ஹேப்பி நியூ இயர் சொல்லிட்டு வருவேன்."

"யாருக்கு?" என்றான் கொழுந்தன்.

"பழைய கம்ப்யூட்டருக்கு. அதுக்குள்ள மணி பார்க்கிறதுக்குன்னு ஒரு சின்ன பேட்டரி இருக்குமாம், அது செத்துப் போச்சு. ஸ்விட்சைப் போட்டா எப்பவும் ஜனவரி ஒண்ணு, ராத்திரி பன்னிரண்டு மணிதான். அதுவும் இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தின ஜனவரி ஒண்ணு. வேற நாளே அதுக்குத் தெரியாது, பாவம்."

மோப்பத்தின் கை பையின் வாரில் இறுகியது.

"இப்ப அது எங்க அண்ணே?"

"நேத்து காலையில பழைய இரும்புக்காரர் தூக்கிட்டுப் போயிட்டார். அம்மா இடத்தைக் காலி பண்ணச் சொன்னாங்க. சாருக்கு அது தெரியாது போல. பதினோரு மணி வாக்குல வந்தவர், பெட்டி இருந்த இடத்துலயே கொஞ்ச நேரம் நின்னார். முகத்துல ஈயாடல. சரி, அவருக்கும் அதுமேல இவ்வளவு பாசமான்னு எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"அண்ணி," என்றான் கொழுந்தன். "நான் அப்பவே ஜனவரி ஒண்ணுன்னு..."

"தெரியுது."

"இன்னொரு சந்தேகமும் இருக்கு. கேட்டா திட்டக் கூடாது. அஞ்சு நிமிஷ வேலைங்கிறார், வார்த்தை தெரியும்ங்கிறார். தெரிஞ்ச மனுஷன் நேத்துல இருந்து ஏன் டைப் அடிக்காம உட்கார்ந்திருக்கார்?"

மோப்பம் அப்படியே நின்றாள்.

இவ்வளவு சின்னக் கேள்வி. அவளுக்கு அது வராமல் போனதற்கு ஒரே காரணம்தான் இருந்தது. மேதைக்குத் தெரியாதது என்று ஒன்று இருக்கும் என அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. பதினேழு வருடமாக அவனைப் பார்த்து வெந்துகொண்டிருந்தாள். அவன் கெட்டிக்காரன் என்று ஊரில் எல்லாரையும்விட அதிகமாக நம்பியது அவள்தான். நம்பாவிட்டால் எதற்கு எரிய வேண்டும்? தப்பு செய்வான், பொய் சொல்வான், குழி பறிப்பான் என்றெல்லாம் யோசித்தவளுக்கு, அவனுக்குத் தெரியாது என்று மட்டும் யோசிக்க அந்தப் பொறாமை இடம் கொடுக்கவில்லை.

"கையைத் துடைச்சிட்டு வாங்க அண்ணே," என்றாள்.

மூவரும் உள்ளே நுழைந்தபோது கடிகாரத்தில் பன்னிரண்டு முப்பத்தைந்து. மேதை காப்பி குடித்துக்கொண்டிருந்தான். முதலாளியம்மாவின் சொந்தக் கோப்பையில்.

"ஒரே ஒரு கேள்வி," என்றாள் மோப்பம். இந்தத் தடவை குரல் உயரவில்லை. "திங்கக்கிழமை அம்மா முன்னாடி ஓட்டிக் காட்டினீங்களே, அந்தப் புரோகிராமை எங்க கட்டினீங்க?"

"இங்கதான். இந்த நாற்காலியில உட்கார்ந்து."

"திங்கக்கிழமை?"

"திங்கக்கிழமை காலையில."

அவள் பட்டியலை மறுபடி திரையில் கொண்டுவந்து, திரையை முதலாளியம்மாவின் பக்கம் திருப்பினாள்.

"இதோ இருக்கு அந்த ஓடின புரோகிராம். மூலத்துல இருந்து தைச்சு முடிச்ச சட்டை. இதோட தேதியைக் கொஞ்சம் படிங்கம்மா."

முதலாளியம்மா கண்ணைச் சுருக்கினார். "ஜனவரி ஒண்ணு. ராத்திரி பன்னிரண்டு நாப்பது. வருஷம்..." அவர் இரண்டு தடவை படித்தார். "இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடியா? புரோகிராம் எழுதினதே பதினேழு வருஷத்துக்கு முன்னாடிதானே?"

"அதுதான் வேடிக்கை. பெத்த அம்மாவுக்கு வயசு பதினேழு. பிள்ளைக்கு இருபத்திரண்டு."

"பிள்ளை நல்ல வளர்த்தி," என்றான் கொழுந்தன்.

மேதை கோப்பையைக் கீழே வைத்தான். சத்தம் வராமல் வைக்கப் பார்த்தான். வந்தது.

"இந்தப் பட்டறையில ஒரே ஒரு கம்ப்யூட்டருக்குத்தான் தினமும் ஜனவரி ஒண்ணு," என்றாள் மோப்பம். "அதை எல்லாரையும்விட நல்லாத் தெரிஞ்சவர் மேஸ்திரி. திங்கக்கிழமை காலையில இவர் பழைய கம்ப்யூட்டரை ஸ்விட்ச் போட்டு, நாப்பது நிமிஷத்துல அதுல கட்டி முடிச்சு, பென் டிரைவ்ல எடுத்துட்டு வந்து இதுல ஓட்டிக் காட்டியிருக்கார். தைச்ச பழைய சட்டையைப் புதுக் கம்ப்யூட்டர் மறுக்காமப் போட்டுக்கும். தைக்கிறதுலதான் தகராறு. அதை இவர் இதுல ஒரு தடவை கூடத் தைக்கல. நேத்து எண்ணை மாத்திட்டுப் பழைய கம்ப்யூட்டரைத் தேடி வந்திருக்கார். அந்த இடம் காலி."

"அந்த வார்த்தை..." என்று ஆரம்பித்தார் முதலாளியம்மா.

"இவர் எழுதல. யாரும் எடுக்கல. இவருக்கு அது தெரியாது."

சொல்லி முடித்ததும் எவ்வளவு இனிக்கும் என்று பதினேழு வருடமாகக் கற்பனை செய்து வைத்திருந்தாள். இனிக்கத்தான் செய்தது, அதில் பொய் சொல்ல ஒன்றுமில்லை.

முதலாளியம்மா மேதையையே பார்த்தார். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். கழற்றிய முகத்தில் திடீரென்று வயது தெரிந்தது.

"எல்லாம் செஞ்சு பார்த்தேன்," என்றான் தரையைப் பார்த்து. "அறுபத்து நாலு பிட்டாவே வெட்டிப் பார்த்தேன். வரிக்கு வரி திட்டுச்சு. பழைய கம்ப்யூட்டர்ல இதெல்லாம் சொல்லவே வேண்டாம், தானா தைக்கும். இது ஏன் தைக்கலன்னு... இங்க எல்லாரும் என்னை மேதைன்னு கூப்பிடுறாங்கம்மா. தெரியலன்னு எப்படிச் சொல்றது?"

"அதுக்காக என் பேரைச் சொன்னீங்களா சார்?" என்றார் மேஸ்திரி. கோபமாகக் கேட்டிருந்தால் மேதைக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"மன்னிச்சிடுங்க மேஸ்திரி. மத்தவங்களைச் சொன்னா அம்மா நம்பமாட்டாங்க. உங்களுக்குத்தான் புதுசைப் பிடிக்கலன்னு எல்லாருக்கும் தெரியும்."

"தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது கேட்டிருக்கலாமே," என்றார் முதலாளியம்மா. "இவங்க நம்பர் மேஸ்திரிகிட்டயே இருந்திருக்கு. ஒரு போன்."

மேதை வாயைத் திறந்தான். மோப்பத்தை ஒரு தடவை பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

அந்தப் பார்வை என்ன ரகம் என்று மோப்பத்துக்கு அப்போது புரியவில்லை. புரிந்தது அடுத்த இரண்டு நிமிடத்தில்.

மாற்றிய எண் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவள் மூலப் புரோகிராமைத் திறந்தாள். பதினேழு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக. வரி வரியாக இறங்கி வந்தவள், ஓர் இடத்தில் கையை எடுத்துவிட்டாள். சக்கரம் சட்டென்று நின்றால் கண்ணாடி விரிசல் விடும். விரிசல் விடாமல் மெதுவாக மெதுவாக வேகத்தைக் குறைத்து நிறுத்துகிற பகுதி அது. மூன்று வாரம் தூக்கம் இல்லாமல் எழுதியது. அவள் எழுதியது.

அதற்கு மேலே, மிஷின் படிக்காத, மனிதர்கள் மட்டும் படிப்பதற்கான ஒரு குறிப்பு. அவள் எழுதியது இல்லை. ஆங்கில எழுத்தில் தமிழ்.

'இது அவள் எழுதியது. நாலு தடவை படித்தும் எப்படி ஓடுகிறது என்று புரியவில்லை. இதைத் தொடாதே. அவளிடம் மட்டும் கேட்காதே.'

மோப்பம் அதை மறுபடி படித்தாள். அவள் அந்தக் காலி இடத்தைப் பார்த்து வெந்த மூன்று மாதமும் அவன் இந்த இருபது வரியைப் பார்த்து வெந்துகொண்டிருந்திருக்கிறான். கேடயத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, வேலை நேரத்தில் இதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஒரு போன் செய்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும் விஷயத்துக்கு ஒரு மனிதரின் இருபத்தாறு வருடத்தைத் தூக்கிக் கொடுக்கத் துணிந்திருக்கிறான். அவளிடம் கேட்கக் கூடாது என்பதற்காக.

கொழுந்தனும் படித்துவிட்டான். அவன் வாய் திறக்கும் ஒலி கேட்டது. மோப்பம் அவன் காலை மிதித்தாள்.

"அம்மா!" என்றான் கொழுந்தன்.

"என்ன?" என்றார் முதலாளியம்மா.

"ஒண்ணுமில்லம்மா. உங்களைக் கூப்பிடல."

உரக்கப் படித்துவிடலாம். முதலாளியம்மா கேட்பார், மேஸ்திரி கேட்பார், சாயங்காலத்துக்குள் பட்டறை முழுக்கப் பரவும். மோப்பம் திரும்பி மேதையைப் பார்த்தாள். எந்த வரியில் அவள் நிற்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

அவள் படிக்கவில்லை. பெருந்தன்மை ஒன்றுமில்லை. இப்போது படித்துவிட்டால் விஷயம் இன்றோடு தீர்ந்துபோகும். படிக்காமல் விட்டால் அது ஆயுசுக்கும் அவளுடைய சொத்து. அவள் எண்ணைச் சரிபார்த்துவிட்டு ஃபைலை மூடினாள்.

"அண்ணே, இங்க வந்து உட்காருங்க."

"நானா?" என்றார் மேஸ்திரி.

"நீங்கதான். அம்மா, அந்தக் கடுதாசி இனிமே வேணுமா?"

முதலாளியம்மா உடைந்த லென்ஸை நகர்த்திக் கடிதத்தை எடுத்தார். கிழிக்கப் போனவர், மோப்பம் கை நீட்டுவதைப் பார்த்துக் கொடுத்துவிட்டார். மோப்பம் அதைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் ஒரே ஒரு வரியைப் பெரிய எழுத்தில் எழுதி மேஸ்திரியின் முன்னால் வைத்தாள்.

"இதைப் பார்த்து ஒவ்வொண்ணா தட்டுங்க. எல், டி. ஒரு இடம் விடுங்க. மைனஸ், எம். இடம் விடுங்க. ஈ, எல், எஃப். கீழ்க்கோடு. ஐ, மூணு, எட்டு, ஆறு. பழைய அளவுல தைன்னு தையல்காரனுக்குச் சொல்றது இதுதான். அப்புறம் இடம் விட்டுத் துண்டுகளோட பேரு."

மேஸ்திரி ஒரு விரலால் தட்டினார். ஒவ்வோர் எழுத்துக்கும் கடிதத்தையும் கீபோர்டையும் மாறி மாறிப் பார்த்தார். இருபத்தாறு வருடம் நூலிழை பிசகாமல் கண்ணாடி அரைத்த விரல், ஒரு தப்பும் செய்யவில்லை. கடைசி எழுத்தையும் தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"இப்ப?"

"பெரிய பொத்தானை அழுத்துங்க."

அழுத்தினார். திரை ஒன்றும் சொல்லவில்லை. புதிய வரி ஒன்று காலியாக வந்து நின்றது.

"என்ன தங்கச்சி, பேசாம இருக்கு? கோவிச்சுக்கிச்சா?"

"தையல்காரன் வேலை முடிச்சா வாயைத் திறக்கமாட்டான் அண்ணே. ஓட்டுங்க."

பக்கத்து அறையில் சக்கரம் உறுமிக் கிளம்பியது. கெட்டிச் சில்லில் வைரக்கல் உரசும் சத்தம் கேட்டது. பிறகு அந்தச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, இறங்கி, எங்கே நின்றது என்றே தெரியாமல் நின்றது. மேஸ்திரி ஓடிப்போய் லென்ஸை எடுத்து வந்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஒரு கீறல் இல்லை.

ஒரு மணி ஆக இரண்டு நிமிடம் இருந்தது.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் மேஸ்திரியைச் சுற்றியே நடந்தது. அரைக்கிற ஆட்கள் எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள். முதலாளியம்மா தன் நாற்காலியிலிருந்து எழுந்து மேஸ்திரியின் கையைப் பிடித்துக்கொண்டார். "இனிமே இந்தக் கம்ப்யூட்டருக்கும் நீங்கதான் மேஸ்திரி. சார், என்ன மாத்தினாலும் இவர்கிட்ட சொல்லித்தான் கட்டணும்," என்றார். யாரோ தட்டில் காப்பி கொண்டுவந்தார்கள். முதல் கோப்பை மேஸ்திரிக்குப் போனது. "என்னமா டைப் அடிச்சார், ஒரு தப்பு இல்ல!" என்று முதலாளியம்மா நாலாவது தடவையாகச் சொன்னார். மேஸ்திரி கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெட்கப்பட்டார்.

கண்டுபிடித்தது யார், எழுதிக் கொடுத்தது யார் என்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மோப்பத்துக்கு நெஞ்சுக்குள் எங்கோ சுருக்கென்றது. நன்றாகத் தெரிந்த சுருக்கு. ச்சே, நம்ம மேஸ்திரி, அண்ணன் மாதிரி, அவர் மேலேயா என்று தன்னையே அதட்டிக்கொண்டு தலையைத் திருப்பினாள்.

அறையின் எதிர்மூலையில், கேடயத்துக்குக் கீழே மேதை நின்றிருந்தான். கையில் காப்பி இல்லை. மேஸ்திரியின் கையிலிருந்த கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கண்ணை எடுத்து நேராக மோப்பத்தைப் பார்த்தான். அவள் முகத்தில் என்ன இருந்ததோ, அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. அவளுக்கும் முடியவில்லை. பதினேழு வருடத்தில் முதல் தடவையாக இரண்டு பேரும் ஒரே ஆளைப் பார்த்து ஒரே மாதிரி எரிந்துகொண்டிருந்தார்கள்.

"அண்ணி," என்றான் கொழுந்தன் காதோரமாக, "மறுபடி கருகுற வாசனை."

"வண்டியை எடு," என்றாள் மோப்பம்.